லெனோவோ வான்டேஜின் சார்ஜ் வரம்பு: திங்க்பேடுக்கு இரண்டு எண், ஐடியாபேடுக்கு ஒரே சுவிட்ச்

லெனோவோ லேப்டாப்புகளுக்கான வான்டேஜ் செயலியைத் திறந்தால் வாரன்டியை நீட்டிக்கச் சொல்லும் விளம்பரம்தான் முதலில் கண்ணில் படும். பேட்டரி நூறு சதவீதம் ஏறும் முன்பே சார்ஜை நிறுத்தி, பணத்தை உண்மையிலேயே மிச்சப்படுத்தும் சார்ஜ் வரம்பு வசதியோ பவர் பக்கத்தில் கீழே எங்கோ கிடக்கிறது. நாள் முழுக்க ஒயர் செருகியபடியே ஓடும் லேப்டாப் என்றால், வாங்கிய அன்றே போய்ப் பார்க்க வேண்டிய இடம் அது.

நூறு சதவீதம் ஆன பிறகும் ஒயரைப் பிடுங்காவிட்டால் ‘ஓவர் சார்ஜ்’ ஆகிவிடும் என்ற பயம் தேவையில்லை. நிறைந்ததும் உள்ளிருக்கும் சுற்று சார்ஜை நிறுத்திவிடும். அதன்பின் லேப்டாப் அடாப்டர் தரும் மின்சாரத்திலேயே ஓடும். நிறைந்த நிலையிலேயே மாதக்கணக்கில் கிடப்பதுதான் பேட்டரியைக் கெடுக்கிறது. லித்தியம் அயான் செல் முழுதாக நிறைந்தால் சுமார் 4.2 வோல்ட், சில புதிய செல்கள் 4.4 வரை போகும். அந்த மின்னழுத்தத்தில் உள்ளிருக்கும் மின்பகுளி கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைகிறது, வெப்பம் சேர்ந்தால் இன்னும் வேகமாக. பேட்டரி யுனிவர்சிட்டி தளத்தில் உள்ள அட்டவணைப்படி, முழு சார்ஜில் 25 டிகிரியில் ஓராண்டு வைத்த செல்லில் 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும். 40 டிகிரியில் 65தான். அதே 40 டிகிரியில், 40 சதவீத சார்ஜில் வைத்திருந்தால் 85 மிஞ்சும். மே மாதத்துச் சென்னையில், ஏசி இல்லாத அறையில், லேப்டாப்பின் அடிவயிறு 40 டிகிரியைத் தொடுவது சர்வசாதாரணம்.

லெனோவோவின் அலுவலக வரிசையான திங்க்பேடில் இந்த வரம்பைச் சரியாகவே செய்திருக்கிறார்கள். வான்டேஜில் டிவைஸ், அதற்குள் பவர், அங்கே ‘பேட்டரி சார்ஜ் த்ரெஷோல்டு’. (மெனுவின் இடம் பதிப்புக்குப் பதிப்பு கொஞ்சம் மாறும்.) இயக்கியதும் இரண்டு எண் கேட்கும்: எதற்குக் கீழே இறங்கினால் சார்ஜ் தொடங்க வேண்டும், எதில் நிறுத்த வேண்டும். தினமும் பையில் தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு 75, 80 போதும். மேசையை விட்டு நகராத லேப்டாப்புக்கு 50, 60 வைத்தால் இன்னும் நல்லது. தொடக்க எண் எதற்கு என்று பலர் யோசிப்பதில்லை. ஐந்து நிமிடம் ஒயரைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் இரண்டு மூன்று சதவீதத்துக்காகச் சார்ஜ் மறுபடி தொடங்காமல் தடுப்பது அதுதான்.

பேட்டரி ஏற்கெனவே 100-இல் இருக்கும்போது 80 என்று வைத்தால், அது தானாக இறங்கி வராது. ஒயரைக் கழற்றி ஒருமுறை 80-க்குக் கீழே ஓடவிட்டுப் பிறகு செருகுங்கள். 78-இல் செருகினால் சார்ஜ் ஏறவே ஏறாது; 75-க்குக் கீழே போனால்தான் ஏறும். விண்டோஸும் செருகியிருக்கிறது, சார்ஜ் ஆகவில்லை என்ற பொருளில் ஒரு வரியைக் காட்டும். இதைப் பார்த்துப் புது அடாப்டர் வாங்கியவர்கள் உண்டு.

இந்த வரம்பு பதிவாவது விண்டோஸில் அல்ல, லேப்டாப்பின் எம்பெடட் கன்ட்ரோலர் என்ற தனிச் சிப்பில். அதனால் அணைத்துவிட்டுச் சார்ஜ் போட்டாலும் வேலை செய்யும், லினக்ஸில் பூட் செய்தாலும் செய்யும். ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்ட் திங்க்பேடு வாங்கியவருக்குச் சார்ஜ் 80-ஐத் தாண்டவில்லை என்றால் பேட்டரியைக் குறை சொல்லும் முன் இதைப் பாருங்கள். பழைய அலுவலகம் வைத்த வரம்பு அப்படியே இருக்கக்கூடும்.

விலை குறைந்த வரிசையான ஐடியாபேடில் இவ்வளவு சுதந்திரம் கிடையாது. ‘கன்சர்வேஷன் மோட்’ என்று ஒரே ஒரு சுவிட்ச். பழைய மாடல்களில் 55-60 சதவீதத்திலும், புதியவற்றில் 75-80 சதவீதத்திலும் நிறுத்தும். எது என்று நாம் தேர்ந்தெடுக்க முடியாது. 45 வாட்-மணி பேட்டரியில் 60 சதவீதம் என்றால் 27 வாட்-மணி. சராசரியாக 9 வாட் இழுக்கும் வேலைக்கு மூன்று மணி நேரம். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதுவே தாராளம். நீண்ட மின்வெட்டு வரும் ஊரில் இருப்பவருக்கு 60 கொஞ்சம் கஞ்சத்தனம்தான். ‘ரேபிட் சார்ஜ்’ வசதியும் இதுவும் சேர்ந்து இயங்காது. ஒன்றைப் போட்டால் மற்றது அணையும்.

அசூஸ் தன் செயலியின் பழைய பதிப்புகளில் 60, 80, 100 என்று மூன்று படி தந்தது. டெல்லில் பயாஸிலேயே (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அமைப்புப் பக்கம்) தொடக்கத்தையும் முடிவையும் தனித்தனியே வைக்கலாம், செயலியே தேவையில்லை. திங்க்பேடுக்கு ஈடு என்றால் டெல்தான். விலை குறைந்த வரிசைக்கும் இரண்டு எண்களைக் கொடுப்பதில் லெனோவோவுக்கு என்ன தயக்கமோ தெரியவில்லை.

விண்டோஸைப் புதிதாக நிறுவிய பிறகு பவர் பக்கத்தில் இந்த வசதியே தென்படாமல் போகலாம். டிரைவர் இல்லாததே பெரும்பாலும் காரணம். லெனோவோவின் ஆதரவுத் தளத்தில் உங்கள் மாடலைத் தேடி, திங்க்பேடுக்குப் பவர் மேனேஜ்மென்ட் டிரைவரையும் ஐடியாபேடுக்கு எனர்ஜி மேனேஜ்மென்ட் டிரைவரையும் நிறுவி, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். விளம்பரம் பிடிக்காதவர்கள் நிறுவனங்களுக்கென்று வரும் ‘கமர்ஷியல் வான்டேஜ்’ பதிப்பைப் போட்டுக்கொள்ளலாம்.

லினக்ஸ்காரர்களுக்கு வான்டேஜே வேண்டாம். திங்க்பேடில் டிஎல்பி என்ற மின்சிக்கன மென்பொருளை நிறுவி, அதன் கான்ஃபிக் கோப்பில் தொடக்கம், நிறுத்தம் என்ற இரு வரிகளின் முன்னால் இருக்கும் ஹாஷ் குறியை நீக்கி எண்களை எழுதினால் முடிந்தது. ஊருக்குக் கிளம்பும் நாளில் ஒருமுறை மட்டும் முழுதாக ஏற்ற ‘டிஎல்பி ஃபுல்சார்ஜ்’ கட்டளை இருக்கிறது. வான்டேஜில் அப்படி ஒரு பட்டன் இல்லாதது பெரிய குறை: வரம்பை அணைத்து, ஏற்றி, திரும்பி வந்ததும் ஞாபகமாக மறுபடி இயக்க வேண்டும். 2025-இல் வந்த க்னோம் 48 என்ற லினக்ஸ் டெஸ்க்டாப்பில் செட்டிங்ஸிலேயே பேட்டரி நலனுக்கான தேர்வு இருக்கிறது.

மாதக்கணக்கில் 60-இலேயே நிற்கும் பேட்டரியில் சார்ஜ் சதவீதம் காட்டும் அளவுமானி தடம் மாறலாம்: 30 என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே பொசுக்கென்று அணைந்துவிடும். அப்படி நடந்தால் மட்டும் திங்க்பேடில் ‘பேட்டரி கேஜ் ரீசெட்’ போடுங்கள். முழுதாக ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றும். பல மணி நேரம் பிடிக்கும், அடாப்டர் செருகியே இருக்க வேண்டும். மாதாமாதம் பூஜ்யம் வரை இறக்கும் வழக்கம் நிக்கல் பேட்டரி காலத்தது. லித்தியத்துக்கு அது தேய்மானம் மட்டுமே.

நிலவரம் அறிய, கமாண்ட் பிராம்ப்டில் ‘பவர்சிஎஃப்ஜி’ என்று ஆங்கிலத்தில் தட்டி, இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, ‘பேட்டரிரிப்போர்ட்’ என்பதை ஒரே சொல்லாக எழுதுங்கள். வரும் அறிக்கையில் டிசைன் கெபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி என்று இரண்டு எண் இருக்கும். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று தெரியும். ஏற்கெனவே போன கொள்ளளவை எந்த வரம்பும் திருப்பித் தராது.

இந்த வசதிக்குத் திங்க்பேடில் ஐந்துக்கு நாலரை, ஐடியாபேடில் மூன்று மதிப்பெண் கொடுக்கலாம். மெத்தை மேல் வைத்துக் காற்றுத் துளையை அடைத்துக் கேம் ஆடினால் 60 வைத்தும் பிரயோஜனமில்லை. டச்பேட் மேலெழும்பியோ, கிளிக் இறுகியோ இருந்தால் பேட்டரி உப்பிவிட்டது என்று சந்தேகப்படுங்கள். அப்போது எண்களை மாற்றிக்கொண்டிருக்காமல் அணைத்து, அடாப்டரைக் கழற்றி, அழுத்தாமல் குத்தாமல் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள்.