ஹைவே ஓட்டலுக்கு ஃபாஸ்ட் சார்ஜர்: ரெண்டு 60-ஆ, ஒரு 120-ஆ, இல்ல நேரா 240-ஆ?

சென்னை திருச்சி ரோட்டுல திண்டிவனம், விக்கிரவாண்டி, உளுந்தூர்பேட்டை பக்கம் ஓட்டல் வெச்சிருக்கறவங்க இப்போ அதிகமா கேக்கறது இதத்தான், சார்ஜர் போடணும், எத்தனை கிலோவாட் போடறது. பாதி பேர் ஏற்கனவே முடிவு பண்ணிட்டுத்தான் கேப்பாங்க. "தம்பி, போடறதே போடறோம், பெருசா 240 போட்டுருவோம், பத்து வருஷம் தொடவே வேண்டாம்" அப்படிம்பாங்க. அந்த ஆசை புரியுது, ஆனா போர்டுல எழுதற கிலோவாட்டும் கார் வாங்கிக்கற கிலோவாட்டும் வேற வேற, அங்கதான் காசு வீணாகுது. நான் லோடு கணக்கு, கேபிள், பேனல் வேலை பக்கம் இருக்கறவன், அதனால அந்தப் பக்கத்துல இருந்தே மூணையும் வெச்சுப் பாக்கறேன்.

மொதல்ல கார். நம்ம ரோட்டுல ஓடற எலெக்ட்ரிக் கார்ல பெரும்பாலானது நெக்ஸான், பஞ்ச், விண்ட்சர், ஜெட்எஸ், இப்போ கிரெட்டா எலெக்ட்ரிக். கிரெட்டாவுக்கு கம்பெனியே சொல்றது 50 கிலோவாட் சார்ஜர்ல 10-ல இருந்து 80 சதவீதம் ஏற 58 நிமிஷம். விண்ட்சர் 38 யூனிட் பேட்டரி, அதுவும் 50 கிலோவாட்டுக்குள்ளதான் வாங்கும். இந்த மாதிரி கார்கள்ல பலதுக்கு 240 போட்டாலும் 60 போட்டாலும் ஏறற வேகம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். இன்னொரு பக்கம் அயோனிக் 5, இவி6 மாதிரி 800 வோல்ட் வண்டி இருக்கு, அயோனிக் 5 சரியான சார்ஜர் கெடச்சா 10-ல இருந்து 80-க்கு 18 நிமிஷத்துல போயிரும். மஹிந்திராவோட எக்ஸ்இவி 9இ, பிஇ 6 பெரிய பேட்டரி மாடலுக்கு 175 கிலோவாட் அளவுக்கு சார்ஜர் இருந்தா 20-ல இருந்து 80-க்கு 20 நிமிஷம்னு கம்பெனி சொல்லுது. அந்த மாதிரி வண்டி ரோட்டுல கூடிட்டேதான் வருது, அதனால 60 போதும்னு கண்ண மூடிட்டு சொல்லவும் முடியாது.

அடுத்தது கன், அதாவது கேபிள் நுனில கார்ல சொருகற பிளக். இதை விற்க வர்றவங்க யாரும் தானா சொல்ல மாட்டாங்க, நாமதான் கேக்கணும். நம்மூர் காருக்கு ஃபாஸ்ட் சார்ஜிங்ல பொதுவா வர்ற சிசிஎஸ் 2 கன்ல கேபிள் எத்தனை ஆம்பியர் தாங்கும்? சாதாரண கேபிள்னா 200, 250 ஆம்பியர், அதுக்கு மேல போகணும்னா உள்ள லிக்விட் ஓடி கூல் பண்ற கேபிள் வேணும், விலை வேற லெவல். 250 ஆம்பியர் கன்ல 400 வோல்ட் வண்டி மாட்டினா 250 இன்ட்டு 400, அதிகபட்சம் 100 கிலோவாட். பின்னாடி சார்ஜர் பொட்டி 240-ஆ இருந்தாலும் 360-ஆ இருந்தாலும் அந்த வண்டிக்கு 100-தான். அதே கன்ல அயோனிக் மாட்டினா, பேர்தான் 800 வோல்ட், நெஜத்துல 700 கிட்டதான் இருக்கும், 175 வரும். அதனால கொட்டேஷன் வாங்கும்போது பொட்டி எத்தனை கிலோவாட்னு மட்டும் பாக்காதீங்க, ஒரு கன்னுக்கு எத்தனை ஆம்பியர்னு எழுத்துல வாங்குங்க.

இப்போ மூணையும் பக்கத்துல பக்கத்துல வெப்போம்.

ரெண்டு 60 கிலோவாட், ஒவ்வொண்ணுலயும் ரெண்டு கன், ஆக நாலு கன். 60 பொட்டிக்குள்ள பெரும்பாலும் 30 கிலோவாட் மாட்யூல், அதாவது பவர் தர்ற தனித்தனி யூனிட், ரெண்டு இருக்கும், ஒரு கார் மட்டும் நின்னா 60-ம் அதுக்கே, ரெண்டு நின்னா ஆளுக்கு 30. ஒரு 120 டூயல் கன்னுன்னா ரெண்டே கன், தனியா நின்னா 120 வரைக்கும், ரெண்டு நின்னா ஆளுக்கு 60. மொத்த பவர் ரெண்டுலயும் ஒண்ணுதான், கரெக்டா சொன்னா ஒரு மணி நேரத்துல ரெண்டும் ஏத்தித் தர்ற யூனிட்டும் ஒண்ணுதான். அப்போ எது பெட்டர்?

ஒரு ஞாயித்துக்கிழமை மதியம் ஒண்ணரை மணிக்கு நாலு நெக்ஸான் ஒண்ணா வருதுன்னு வைங்க. 45 யூனிட் பேட்டரி, 20-ல இருந்து 80-க்கு 27 யூனிட். 120 பொட்டி இருந்தா மொத ரெண்டு காரும் அரை மணில முடிச்சிரும், நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்த ரெண்டு குடும்பமும் அப்போ சாப்பாட்டுல ரசத்துக்குக்கூட வந்திருக்க மாட்டாங்க, இலைய விட்டு எந்திரிச்சு வந்து வண்டிய எடுக்கறது நடக்காத காரியம். வெளிய நிக்கற ரெண்டு பேர் யாருய்யா வண்டி ஓனர்னு தேடிட்டு இருப்பாங்க, கன் சும்மா தொங்கும். ரெண்டு 60 இருந்தா நாலு காரும் வந்த உடனே மாட்டிட்டு உள்ள போயிரும், ஆளுக்கு 30-ல 55 நிமிஷம், பிள்ளைங்களோட சாப்பிட்டு கைகழுவி வர சரியா இருக்கும். ஒரே பவர்தான், ஆனா 120-ல கார் மாத்தற இடைவெளில போற நேரம் இங்க போறதில்ல. ஓட்டல்காரருக்கு இன்னொரு நன்மை, காத்திருக்கறவங்க பார்க்கிங்ல நிக்காம டேபிள்ல உக்காந்திருக்காங்க. ஒரு பொட்டி படுத்தாலும் இன்னொண்ணு ஓடும், 120 ஒண்ணு படுத்தா மேப்ல உங்க இடத்துக்கு சிவப்பு விழுந்துரும், ராத்திரி பத்து மணிக்கு 12 சதவீதத்தோட உங்கள நம்பி வந்த குடும்பம் நடுரோட்டுல நிக்கும். எனக்கு இதுதான் மத்த எல்லாத்தையும் விட முக்கியம்.

120 ஜெயிக்கற இடமும் இருக்கு. சாப்பாடு கிடையாது, டீ காஃபி மட்டும்தான், ஜனம் பதினஞ்சு இருபது நிமிஷத்துல கெளம்பிரும்னா அங்க வேகம்தான் முக்கியம், அங்க 60 போட்டா யாரும் நிக்க மாட்டாங்க. பெட்ரோல் பங்க்கும் அதே கணக்கு. தி.நகர் துணிக்கடை, மால் இதெல்லாம் நேரெதிர், ரெண்டு மூணு மணி நேரம் வண்டி நிக்கும், 30 கிலோவாட்டும் மெதுவா ஏத்தற ஏசி சார்ஜர் கொஞ்சமும் போதும், அங்க ரேபிட் சார்ஜருக்கு வேலையே இல்ல.

இனி கரண்ட். 60 கிலோவாட் பொட்டி உள்ள இழுக்கறது 60 இல்ல, லாஸ் சேத்து 63, 64 வரும், 415 வோல்ட்ல கிட்டத்தட்ட 90 ஆம்பியர். 120-க்கு 180 ஆம்பியர் கிட்ட. 240-ன்னா 350-ஐத் தாண்டும். தமிழ்நாட்டுல எல்.டி., அதாவது சாதாரண தாழ்வழுத்த கனெக்ஷனுக்கு ரொம்ப நாளா இருந்த எல்லை 112 கிலோவாட், அதைத் தாண்டினா எச்.டி., அதாவது உயர் அழுத்த கனெக்ஷன். உங்க செக்ஷன் ஆபீஸ்ல இப்போ என்ன எல்லைன்னு மொதல்ல கேட்டுட்டு அப்புறம் சார்ஜர் செலக்ட் பண்ணுங்க, நிறைய பேர் தலைகீழா செய்றாங்க, பொட்டி வந்து எறங்கினப்புறம் ஈபி ஆபீஸுக்கு ஓடறாங்க. 112-ன்னு வெச்சா ரெண்டு 60-ம் முழுசா ஓடினா 127 கிட்ட போகும், தாண்டிரும். ஆனா ஒவ்வொரு பொட்டியையும் செட்டிங்ல 50-க்கு லாக் பண்ணிட்டா உள்ள இழுக்கறது மொத்தமே 105 சொச்சம், எல்.டி.லயே முடிஞ்சிரும், நெக்ஸான், விண்ட்சர் ஓட்டறவங்களுக்கு பெரிய வித்தியாசமும் தெரியாது. 120-ஐயும் 100-க்கு லாக் பண்ணலாம்தான், ஆனா 120 வாங்கறதே வேகத்துக்காகத்தானே.

240-க்கு எச்.டி.தான், வேற வழி இல்ல. ரெண்டு போஸ்ட் ஸ்ட்ரக்சர், மீட்டரிங் செட், 315 கேவிஏ (கேவிஏன்னா இங்க கிட்டத்தட்ட கிலோவாட் மாதிரின்னு வெச்சுக்கோங்க) டிரான்ஸ்ஃபார்மர், பிரேக்கர், எர்த் பிட், மின் ஆய்வாளர் அனுமதி, இதெல்லாம் முடிய சார்ஜர் வந்து சேர்ற நேரத்த விட ஜாஸ்தி ஆகும். செலவ விட எனக்கு கவலை மாசாந்திர பில்தான். எச்.டி.ல அதிகபட்சம் இவ்ளோ இழுப்பேன்னு நீங்க எழுதிக் குடுத்த டிமாண்ட்ல 90 சதவீதத்துக்கு பொதுவா காசு கட்டியே ஆகணும், கார் வந்தாலும் வராட்டியும். 260 கேவிஏ கேட்டு வாங்கினா மாசா மாசம் 234 கேவிஏக்கு பில் வரும். ஆடி மாசம் செவ்வாக்கிழமை மூணு கார்தான் வந்துச்சுன்னாலும் அதேதான். ஒரு நாளுக்கு நூத்துக்கணக்குல வண்டி ஒதுங்கற பெரிய மோட்டல், ஏற்கனவே எச்.டி. வெச்சிருக்கறவங்க, அவங்களுக்கு 240 நல்ல முடிவு, அதுவும் ஒரே பொட்டில ரெண்டு கன் இல்லாம, பின்னாடி ஒரு பவர் கேபினெட், முன்னாடி நாலு கன் தனித்தனியா நிக்கற ஸ்ப்ளிட் டைப்பா போடுங்க. நாலு நெக்ஸான் வந்தா ஆளுக்கு 60, ஒரு அயோனிக் தனியா வந்தா அதுக்கு 175. ஒரு மாட்யூல் போனா பவர் கொஞ்சம் கொறையும், அவ்ளோதான், ஆனா கேபினெட்டோட கண்ட்ரோலரே போச்சுன்னா நாலும் போச்சு, அதனால பக்கத்துல ஒரு 30 கிலோவாட் தனி லைன்ல இருக்கறது நல்லது.

எதைப் போட்டாலும் ஓட்டல் மீட்டர்ல சேக்காதீங்க. மதியம் பன்னெண்டரைல இருந்து மூணு வரைக்கும்தான் ஏசி, எக்ஸாஸ்ட், கிச்சன், கிரைண்டர் எல்லாம் ஒண்ணா ஓடும், கார் கூட்டமும் அப்போதான் வரும், ரெண்டு உச்சமும் ஒண்ணு மேல ஒண்ணு விழும். சார்ஜருக்கு தனி கனெக்ஷன், அதுக்குன்னு இருக்கற டாரிஃப்ல வாங்குங்க. 2024 செப்டம்பர்ல வந்த மத்திய அரசு வழிகாட்டுதல்ல 2028 மார்ச் வரைக்கும் பகல் 9-ல இருந்து 4 மணிக்குள்ள சராசரி சப்ளை செலவுல 0.7 மடங்கு, மத்த நேரம் 1.3 மடங்குன்னு வெச்சிருக்காங்க. கடைசி ரேட்டு மாநில ஆணையம் போடறதுதான், ஆனா போற திசை தெளிவா இருக்கு, மதிய சாப்பாட்டுக் கூட்டம் விலை கொறஞ்ச நேரத்துலதான் விழுது, ஹைவே ஓட்டலுக்கு இது பெரிய லாபம்.

சைட்ல நேர்ல பாக்க வேண்டியது சிலது. சார்ஜிங் போர்ட் ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு பக்கம், கிரெட்டாவுக்கும் ஜெட்எஸ்-க்கும் மூக்குல, அயோனிக்குக்கு பின்னாடி. கேபிள் கொஞ்ச நீளம்தான் இருக்கும், அதனால ரெண்டு வண்டி நிக்கற இடத்துக்கு நடுவுல பொட்டிய வெச்சு, முன்னாடியும் ரிவர்ஸ்லயும் விடற மாதிரி இடம் விடுங்க. மேல கண்டிப்பா கூரை போடுங்க, சித்திரை வெயில்ல பொட்டி சூடாகி தன்னால பவர கொறச்சிக்கும், 60-க்கு காசு போட்டு 40 வாங்கற கதை ஆயிரும். அப்புறம் செல்ஃபோன் சிக்னல், ஆப்ல ஸ்டார்ட் அமுக்கி ஒண்ணும் ஆகாம வெயில்ல நிக்கறவங்கள பாத்தா பாவமா இருக்கும், பொட்டி வைக்கப் போற அதே இடத்துல நின்னு எந்த சிம் எடுக்குதுன்னு பாத்துட்டு அதையே போடச் சொல்லுங்க.

அதனால சாப்பாட்டுக் கடை வெச்சிருக்கற நடுத்தர ஓட்டலுக்கு என் ஓட்டு ரெண்டு 60-க்குத்தான், எல்.டி.ல, 50-க்கு லாக் பண்ணி. ஆனா ட்ரெஞ்ச் தோண்டும்போதே 240-க்கு தேவையான அளவு பைப்ப பொதைச்சிருங்க, டிரான்ஸ்ஃபார்மருக்கு ஒரு மூலைய காலியா விடுங்க, தரைய மறுபடி ஒடைக்கற செலவும் தொல்லையும் மிச்சம். வார நாள்லயும் மதியம் நாலு கன்னும் நெறைஞ்சு வெளிய வண்டி நிக்க ஆரம்பிச்சா அப்போ எச்.டி.க்கு எழுதிக் குடுங்க.

சொந்தமா போடறதா, சார்ஜிங் கம்பெனிக்கு இடம் குடுக்கறதான்னும் கேப்பாங்க. பராமரிப்புக்கு ஆள் வெக்க முடியாதவங்க கம்பெனிக்கு குடுக்கறதுதான் நல்லது, யூனிட்டுக்கு இவ்ளோன்னு பங்கு வரும். ஆனா ஒப்பந்தத்துல ரெண்டு வரிய மட்டும் நீங்களே ஒக்காந்து படிங்க. ஒண்ணு, பொட்டி படுத்தா எத்தனை மணி நேரத்துல சரி பண்ணணும், பண்ணலன்னா என்ன. இன்னொண்ணு, ஈபி கனெக்ஷன் யார் பேர்ல. அவங்க பேர்ல இருந்து நாளைக்கு அவங்க கெளம்பிட்டா, உங்க நிலத்துல நிக்கற லைன உங்க பேருக்கு மாத்த நீங்கதான் அலையணும்.