காரைக்கால் பிரெஞ்சு எழுத்து வகுப்பு: சேரலாமா?

பிரெஞ்சில் பேசிப் பழக வேண்டும் என்பவர்களுக்கு இந்த வகுப்பு சரிப்படாது. பிரெஞ்சு எம்.ஏ. படிப்பவர்கள், டால்ஃப் சி1 என்ற உயர்நிலைப் பிரெஞ்சுத் தேர்வு எழுதப்போகிறவர்கள், பிரான்ஸுக்கு மேற்படிப்புக்குக் கிளம்புகிறவர்கள் மட்டும் தயங்காமல் சேருங்கள். நான் மயிலாடுதுறையிலிருந்து பொறையார் வழியாகப் பஸ் பிடித்துப் போகிறேன். அந்த அலைச்சல் தகும்.

நடத்துபவர் ஓய்வுபெற்ற பேராசிரியை. அவர் வீட்டு மாடியில் சனி, ஞாயிறு மட்டும் வகுப்பு. கூடப் படிப்பவர்களில் பாதிப் பேர் சொல்தா வீட்டுப் பிள்ளைகள், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களின் குடும்பத்தினர். தாத்தா காலத்திலிருந்தே வீட்டில் பிரெஞ்சு புழங்குவதால் மடமடவென்று பேசுவார்கள். ஆனால் ஒரு டிசெர்த்தாசியோன், அதாவது வாதக் கட்டுரை, எழுதச் சொன்னால் அவர்களும் என்னைப் போலத்தான் திணறுகிறார்கள். கல்லூரியில் மாதிரி விடையை மனப்பாடம் செய்து ஒப்பித்து வந்த எனக்கு, வாதத்தைக் கட்டி எழுப்புவது தனி வேலை என்று இங்கேதான் விளங்கியது.

மேடம் எடுத்த எடுப்பில் எழுத விடமாட்டார். முதலில் ப்ரோப்ளெமாத்தீக், அதாவது கட்டுரை முழுவதும் விடை தேடப்போகும் கேள்வி. அது கூர்மையாக வந்த பிறகுதான் பிளான். அதற்கும் பிறகுதான் முதல் பத்தி.

ஒருமுறை கொடுத்த தலைப்பு: டெல்டாவை வேளாண் மண்டலமாகப் பாதுகாக்க 2020-இல் வந்த சட்டம் விவசாயியைக் காப்பாற்றுமா? எல்லோரும் காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள், ஹைட்ரோகார்பன் எதிர்ப்புக் கூட்டங்களைப் பார்த்தவர்கள். ஆதரித்து எழுதும் பகுதி தானாக வந்து விழுந்தது. எதிர்த்தரப்பு பேசவேண்டிய இரண்டாம் பகுதியில் ஆளுக்கு நாலு வரிதான். "அந்தப் பக்கத்து ஆள் படித்துவிட்டு ‘ஆமாம், இதைத்தான் சொன்னேன்’ என்று தலையாட்டணும்மா. அப்புறம் மறுக்கலாம்" என்றார் மேடம். பலகையில் நன்னூல் இலக்கணம் சொல்லும் ஏழு மதங்களிலிருந்து (மதம் என்றால் இங்கே கொள்கை) ஒன்றை எழுதினார்: ‘பிறர்தம் மதமேற் கொண்டு களைவே’, அதாவது அடுத்தவர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு மறுப்பது. ‘செர்த்’ (உண்மைதான்) என்று ஒப்புக்கொண்டு ‘மே’ (ஆனால்) என்று திரும்பும் பிரெஞ்சு வாக்கியம் செய்வதும் இதே வேலைதான். கடைமடைக்குத் தண்ணீர் வராத வருஷம் குறுவையே இல்லை, பையன்கள் திருப்பூருக்குப் போய்விடுகிறார்கள், அப்படியிருக்க இங்கேயே வேலை வந்தால் என்ன தப்பு என்று மனசார எழுதிப் பார்த்தேன். அதற்குப் பதில் சொல்லும் மூன்றாம் பகுதி, முன்பு எழுதியதைவிடப் பல மடங்கு பலமாக வந்தது. இந்த ஒரு பாடத்துக்காகவே முழுக் கட்டணமும் கொடுக்கலாம்.

திருத்தம் கறாரானது. அரைப்புள்ளிக்கும் கேள்விக்குறிக்கும் முன்னால் இடைவெளி விடாவிட்டால்கூடச் சுழித்துவிடுவார். சொல்லில் சந்தேகம் வந்தால், 16 தொகுதியாக அச்சில் வந்து இப்போது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் த்ரெஸோர் என்ற பிரெஞ்சு அகராதியைப் பார்க்கச் சொல்வார்.

டால்ஃப் சி1 எழுத்துப் பகுதி இரண்டரை மணி நேரம். அதில் கொடுத்த கட்டுரைகளைத் தொகுத்துச் சுமார் 220 சொல்லில் எழுதும் சேந்தேஸில் நம் சொந்தக் கருத்து ஒரு வரிகூடத் தலைகாட்டக் கூடாது, அவற்றிலிருந்து வாக்கியத்தை அப்படியே உருவவும் கூடாது. இதற்கு நல்ல பயிற்சி உண்டு. ஆனால் கடிகாரம் வைத்து எழுதவைக்கும் மாதிரித் தேர்வு போதாது. இன்னும் நடத்த வேண்டும்.

பெரிய குறை ஒன்று: அடிக்குறிப்பு, மேற்கோள் முறை, நூற்பட்டியல் எதுவும் சொல்லித்தருவதில்லை. எல்லாம் கையெழுத்துதான். ஆய்வேடு எழுதுகிறவர்கள் அதை வேறு எங்காவது கற்க வேண்டியிருக்கும். தாள்கள் திரும்பி வரவும் தாமதமாகிறது. ஓரம் முழுக்கக் குறிப்பு எழுதித் தருவதால் அதை நான் பெரிதுபடுத்தவில்லை.

மாதக் கட்டணம் 1500 ரூபாய். சேரும்முன் ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்வார். பி.ஏ. முடிக்காதவர்களைப் பெரும்பாலும் அடுத்த வருஷம் வரச் சொல்லிவிடுகிறார்.