பாரிஸில் ஏழு இரவு: லாச்சப்பல் பக்கத்து வாடகை வீடு

2025 மே மாதக் கடைசி வாரத்தில் பாரிஸ் நகரின் 18ஆம் வட்டாரத்தில், லாச்சப்பல் என்னும் தமிழ்க் கடைத்தெருவுக்குப் பக்கத்தில், மார்க்ஸ் தோர்முவா மெட்ரோ நிலையத்துக்கு நடந்து போகும் தொலைவில் இருந்த ஒரு வீட்டில் நாங்கள் நால்வர் ஏழு இரவு தங்கினோம். நான், மனைவி, ஒன்பது வயது மகள், முழங்கால் வலியுள்ள 68 வயது அம்மா. வீட்டை ஒரு வாடகை இணையதளத்தின் வழியாக, மதுரையில் இருந்தபடியே மூன்று வாரம் அலசித் தேர்ந்தெடுத்தோம். அந்தத் தேர்வில் எது சரியாக அமைந்தது, எதில் ஏமாந்தோம் என்பதை, குடும்பத்தோடு பாரிஸுக்குப் போக எண்ணுபவர்களுக்காக எழுதுகிறேன்.

பாரிஸில் வீடு தேடுகிறவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது அறைக் கணக்கு. நம் ஊரில் இரண்டு பெட்ரூம் வீடு என்றால் ஹாலும் சமையலறையும் அதற்கு வெளியே. பிரெஞ்சு அறிவிப்புகளில் வரும் ‘2 பியேஸ்’ என்பதோ ஒரு படுக்கையறையும் ஒரு கூடமும் மட்டுமே; சமையலறை, குளியலறை, கழிவறை எதுவும் அந்த எண்ணிக்கையில் சேராது. தளத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு இதை ‘இரண்டு அறை’ என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவதால், தொடக்கத்தில் நாங்கள் குறித்துவைத்த வீடுகளில் பாதி, நால்வருக்குப் போதாத வீடுகளாகவே இருந்தன. கடைசியில் நாங்கள் எடுத்ததும் ‘2 பியேஸ்’தான், ஆனால் தெரிந்தே எடுத்தோம். பரப்பு 34 சதுர மீட்டர், அதாவது சுமார் 366 சதுர அடி. படுக்கையறை அம்மாவுக்கும் மகளுக்கும், கூடத்தில் விரியும் சோபா எங்கள் இருவருக்கும் என்று புறப்படும் முன்பே பங்கு போட்டுவிட்டதால் அங்கே மனத்தாங்கல் எதுவும் நேரவில்லை.

அடுத்தது பதிவு எண். நாங்கள் போன 2025இல், பாரிஸில் குறுகிய கால வாடகைக்கு விடும் வீட்டுக்காரர் நகராட்சியிடம் பதிவுசெய்து, இலக்கமும் எழுத்துமாக 13 குறிகள் கொண்ட எண்ணைப் பெற்று அதை அறிவிப்பில் காட்ட வேண்டியிருந்தது. நாங்கள் பார்த்த எண்கள் எல்லாம் 751 என்று தொடங்கின; அடுத்து வரும் இரண்டு இலக்கங்கள் வட்டாரத்தைக் குறிப்பவை. 75104 என்றால் நான்காம் வட்டாரம், 75118 என்றால் பதினெட்டாம் வட்டாரம். இந்தச் சிறு விவரம் எங்களுக்கு ஒரு வீண்செலவைத் தவிர்த்தது. ‘மோன்மார்த்ர் குன்றுக்கு மிக அருகில்’ என்று விளம்பரப்படுத்தப்பட்ட ஒரு வீட்டின் எண் 75119 என்று தொடங்கியது. குன்று இருப்பது 18இல். அந்த வீடு இருந்ததோ 19இல். வட்டாரங்கள் இருபதும் நகர மையத்தில் லூவர் அருங்காட்சியகத்தின் அருகே தொடங்கி நத்தை ஓடு போலச் சுழன்று வெளியே விரிகின்றன. எனவே எண் பெரிதானால் பெரும்பாலும் மையத்திலிருந்து தள்ளி இருக்கிறோம் என்று பொருள், வாடகையும் ஓரளவு குறையும்.

இந்தப் பதிவு முறைக்குப் பின்னே இன்னொரு சட்டமும் இருக்கிறது. ஒருவர் தாம் குடியிருக்கும் வீட்டை ஆண்டுக்கு 120 நாள் வரை பயணிகளுக்கு விடலாம் என்றிருந்ததை, பாரிஸ் நகரம் 2025 முதல் 90 நாளாகக் குறைத்துவிட்டது. யாரும் குடியிராமல் பயணிகள் தங்குமிடமாகவே நடத்தப்படும் வீடுகளுக்குத் தனி அனுமதி வேண்டும், அது எளிதில் கிடைப்பதில்லை. இது நமக்கு எதற்கு என்று நானும் முதலில் நினைத்தேன். வீட்டுக்குள் நுழைந்தவுடன் விடை கிடைத்தது. நாங்கள் தங்கியது உரிமையாளர் வாழும் வீடு. அவர் ஊருக்குப் போகும் வாரங்களில் மட்டும் வாடகைக்கு விடுகிறார். அதனால் அலமாரியில் பாதி பூட்டியிருந்தது, குளியலறைத் தட்டில் அவருடைய புட்டிகள் வரிசையாக நின்றன. ஆனால் சமையலறையில் கூர்மையான கத்தி, பெரிய பாத்திரம், வடிதட்டு, ஆறு பேருக்குத் தட்டு, உப்பு, எண்ணெய் எல்லாம் இருந்தன. வாடகைக்கென்றே அலங்கரித்த வீடுகளில் சுவருக்கு மூன்று படம் மாட்டியிருப்பார்கள். வெங்காயம் நறுக்க ஒழுங்கான கத்தி இருக்காது. நால்வர் ஒரு வாரம் சமைத்துச் சாப்பிடப் போகிறார்கள் என்றால் மனிதர் வாழும் வீடே மேல் என்பது என் முடிவு.

இனி குறைகள். முதற்குறை லிஃப்ட். அறிவிப்பில் ‘நான்காம் மாடி, லிஃப்ட் உண்டு’ என்றிருந்தது; பொய்யில்லை. பாரிஸின் பழைய கட்டடங்கள் பல லிஃப்ட் வருவதற்கு முன்பே எழுந்தவை. பிற்காலத்தில் படிக்கட்டின் நடுவெளியிலோ ஓரத்திலோ இடுக்கிப் பொருத்தப்பட்ட கூண்டுகளே அங்கே லிஃப்ட். நாங்கள் தங்கிய கட்டடத்தில் தெருக்கதவிலிருந்து ஒன்பது படி ஏறினால்தான் லிஃப்ட் வாசல். அது போய் நிற்பதும் மாடிகளுக்கு இடைப்பட்ட திருப்பத்தில், அங்கிருந்து வீட்டுக் கதவுக்கு மேலும் பதினொரு படி. மூன்று பேர் என்று எழுதியிருந்த அந்தக் கூண்டில் ஒரு பெரிய பெட்டியும் ஒரு ஆளும் நின்றால் கதவு மூடாது. “இதென்னப்பா, லிஃப்டுக்குப் போக ஒரு படிக்கட்டு, லிஃப்டிலிருந்து வர ஒரு படிக்கட்டா?” என்று அம்மா கேட்டபோது எனக்குப் பதில் இல்லை. ‘லிஃப்ட் உண்டா?’ என்று மூன்று முறை எழுதிக் கேட்டிருந்தேன். தெருவிலிருந்து படுக்கை வரை மொத்தம் எத்தனை படி என்று ஒரு முறை கேட்டிருந்தால் இந்த வீட்டை எடுத்திருக்கவே மாட்டேன்.

மெட்ரோவும் அம்மாவுக்கு உதவவில்லை. பெரும்பாலான நிலையங்களில் படிகள்தான். அப்போது முழுவதும் லிஃப்ட் வசதியிருந்த தடம் 14ஆம் எண் மட்டுமே. ஆகவே மெட்ரோ நிலையம் எத்தனை நிமிட நடை என்று பார்த்து வீடு எடுத்த எங்கள் கணக்கு பாதி தவறிப்போனது. காப்பாற்றியது 38ஆம் எண் பேருந்து. போர்த் து லா ஷப்பெலில் புறப்பட்டு, கார் து நோர் ரயில் நிலையத்தைத் தொட்டு, சேன் ஆற்றின் நடுத்தீவு வழியாகத் தெற்கே போகும் அந்தப் பேருந்தில் உட்கார்ந்தபடியே நோத்ர தாம் பேராலயத்தின் பக்கத்தில் போய் இறங்கலாம். 2019 தீ விபத்துக்குப் பின் பழுதுபார்க்கப்பட்டு 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்ட அந்த ஆலயத்தை அம்மா பார்த்தது பேருந்தின் தயவால்தான். நாங்கள் திங்கட்கிழமை போய் இறங்கியதும் நல்லதாயிற்று. மெட்ரோவிலும் பேருந்திலும் செல்லும் ‘நவிகோ’ என்ற வாரப் பயணச்சீட்டு திங்கள் முதல் ஞாயிறு வரைதான் செல்லும், இடையில் வாங்கினாலும் ஞாயிறோடு முடிந்துவிடும். 2025இல் அதன் விலை 31.60 யூரோ. விமான நிலையத்திலிருந்து ஒரு தடவை நகருக்கு வரவே அந்த ஆண்டில் 13 யூரோ என்பதால் திங்களன்று இறங்குபவருக்கு இதில் தெளிவான ஆதாயம்.

இரண்டாவது, அடுப்பு. படத்தில் கறுப்புக் கண்ணாடி அடுப்பைப் பார்த்துவிட்டு ஊரிலிருந்து அலுமினிய குக்கரைச் சுமந்து போனோம். அப்படித் தோன்றும் அடுப்பில் இரண்டு வகை உண்டு: ஒன்று கண்ணாடிக்கடியில் கம்பி சூடாகும் வகை, எந்தப் பாத்திரமும் வைக்கலாம்; மற்றது இண்டக்‌ஷன், காந்தம் ஒட்டாத பாத்திரத்தை அது ஏறெடுத்தும் பார்க்காது. எங்களுக்கு வாய்த்தது இரண்டாவது. லாச்சப்பலில் ஒரு மளிகைக் கடைக்காரரிடம் இதைச் சொன்னபோது, “அம்மா, உது உந்த அடுப்புக்குச் சரிவராது, சோறை வடிச்சுப்போடுங்கோ” என்றார் சிரித்தபடி. அம்மா அப்படியே செய்தார். குக்கர் ஏழு நாளும் பெட்டியிலேயே கிடந்தது. பல ஆண்டுக்குப் பிறகு வடித்த சோறு தின்றோம் என்பதை இழப்பில் சேர்ப்பதா வரவில் சேர்ப்பதா தெரியவில்லை.

அந்தக் கடைத்தெருவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். லா ஷப்பெல் என்று வரைபடத்தில் இருப்பதை அங்குள்ள ஈழத்தமிழர்கள் லாச்சப்பல் என்பார்கள். கார் து நோர் நிலையத்துக்கு வடக்கே, ஃபோபூர் சேன் தெனி தெருவின் மேற்பகுதியிலும் காய்ல் தெருவிலும் தமிழில் பெயர்ப்பலகை மாட்டிய மளிகைக் கடைகள், நகைக் கடைகள், புடவைக் கடைகள், உணவகங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் இடியாப்ப மாவும் கிடைத்தன. பஜோல் தெருவில் ஸ்ரீ மாணிக்க விநாயகர் ஆலயம் இருக்கிறது. 1985இல் தொடங்கப்பட்ட அந்தக் கோயிலின் பிள்ளையார் விநாயகர் சதுர்த்தியை ஒட்டித் தேரில் உலா வருவார் என்று அங்கே சொன்னார்கள். நாங்கள் போனது மே மாதம் என்பதால் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. “இந்தியாவில எவடம்?” என்று கேட்டுப் பேசத் தொடங்கிய ஒரு பெண்மணியிடம் அம்மா அரைமணி நேரம் பேசினார். ஈஃபிள் கோபுரம் தெரியும் பலகணிக்காக இரட்டிப்பு வாடகை கொடுத்திருந்தால் இது கிடைத்திருக்காது. எனினும் மறைக்காமல் சொல்கிறேன்: அந்தப் பகுதி நெரிசலானது, சில தெருமுனைகள் அழுக்கானவை, இரவில் ரயில் நிலையச் சுற்றுப்புறத்தில் பைகளில் கவனம் வேண்டும். அமைதியான, அழகான பாரிஸ்தான் வேண்டும் என்பவர்கள் வேறு வட்டாரம் பார்ப்பது நல்லது.

வீட்டுக்குள் இரைச்சல் தொல்லை இல்லை. தெருவைப் பார்க்காமல் உள்முற்றத்தைப் பார்த்த சன்னல்கள் என்பதால் இரவு பத்து மணிக்குப் பின் ஊசி விழும் ஓசை கேட்கும். ஏசி கிடையாது; பாரிஸ் வீடுகளில் அது அரிது. ஆறாம் மாடியில் இதைவிட மலிவாக ஒரு வீடு கிடைத்தும் நாங்கள் எடுக்காததற்குக் காரணம், மேல்மாடிகளின் மேலே இருப்பது துத்தநாகத் தகட்டுக் கூரை. படத்துக்கு அழகாக இருக்கும் அந்தச் சாம்பல் நிறக் கூரையின் அடியில் வெயில் காலத்தில் படுப்பது தகரக் கொட்டகையில் படுப்பதற்கு நிகர்.

கழிவறை தனி அறை, குளியலறை தனி அறை. கேட்க வசதியாகத் தோன்றும். ஆனால் கழிவறையில் குழாயும் இல்லை, தரையில் நீர் போக வழியும் இல்லை. ஒரு சிறு குவளை வாங்கிக் குளியலறையிலிருந்து தண்ணீர் சுமந்தோம். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

பணக் கணக்கில் ஓர் எச்சரிக்கை. முதல் பக்கத்தில் தெரிந்த வாடகை இரவுக்கு 132 யூரோ. ஏழு இரவுக்கு 924. அதன்மேல் சுத்தம் செய்யும் கட்டணம் 90, தளத்தின் கட்டணம் 131, பெரியவர் மூவருக்குச் சுற்றுலா வரி 113 சேர்ந்து 1,258 யூரோ ஆனது. அப்போதைய மதிப்பில் ஏறத்தாழ ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்; இரவுக்கு உண்மையில் 180 யூரோ. சுற்றுலா வரி 18 வயது நிரம்பாதவர்களுக்குக் கிடையாது என்பதால் மகளுக்கு இல்லை. விசா விண்ணப்பத்துக்குத் தங்குமிடச் சான்று வேண்டும், விசாவோ எப்போது வரும் என்று தெரியாது. எனவே பணம் முழுதும் திரும்பக் கிடைக்கும் வகையில் ரத்துசெய்ய இடமுள்ள வீடுகளை மட்டுமே பார்த்தோம். சற்றுக் கூடுதல் விலைதான், ஆனால் அந்த ஆறு வாரக் காத்திருப்பில் தூக்கம் கெடவில்லை.

உரிமையாளர் பண்பானவர், பதில்கள் உடனுக்குடன் வந்தன. ஆனால் காலை எட்டு மணிக்கு விமானம் இறங்கிய எங்களிடம் மாலை நான்குக்கு முன் பெட்டிகளைக்கூட வைக்க முடியாது என்று மறுத்துவிட்டார். நீண்ட பயணம் செய்து வந்த அம்மாவோடு ஒரு காப்பிக் கடையில் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தது இந்தப் பயணத்தின் மிகச் சோர்வான பகுதி.

ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் கொடுத்தேன். படியேறத் தயங்காத நால்வருக்கு, சமைத்துச் சாப்பிட விரும்புபவர்களுக்கு இது நல்ல வீடு; முதியவர்களை அழைத்துச் செல்பவர்களுக்கு வேண்டாம். ஊர் திரும்பியபின் உரிமையாளருக்குப் படிக்கணக்கை எழுதி அனுப்பினேன். போன மாதம் பார்த்தபோது அறிவிப்பில் ‘லிஃப்டுக்கு முன் 9 படி, பின் 11 படி’ என்று ஒரு வரி சேர்ந்திருக்கிறது. அடுப்பின் வகையை மட்டும் இன்னும் எழுதவில்லை.