கிருஷ்ணகிரியில் கார் இல்லாமல் ஒரு விடுமுறை

சிங்கப்பூரில் எங்களுக்குக் கார் கிடையாது, அங்கே அதை யாரும் ஒரு குறையாக நினைப்பதும் இல்லை. ஊருக்கு வந்தால் மட்டும் "வண்டி எடுக்கலையா?" என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும். இந்த முறை டிராவல்ஸ் காரே வேண்டாம், பஸ்ஸிலேயே போய்வருவோம் என்று வீட்டில் பேசி முடித்துவிட்டோம்.

பெங்களூரு விமான நிலையம் வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது, நாம் போகவேண்டியதோ தெற்கே, நகரம் முழுக்கக் கடந்தாக வேண்டும். எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் போகும் வாயு வஜ்ரா என்ற விமான நிலைய ஏசி பஸ்ஸில் உட்கார்ந்துவிட்டால் அந்த நெரிசலை டிரைவர் பார்த்துக்கொள்வார், நாம் தூங்கலாம். ஓசூர் ரோட்டில் இறங்கினால் கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் என்று நம்மூர் வண்டிகள் வந்துகொண்டே இருக்கும்.

ஏறுவதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: "ஊருக்குள்ள போகுமா, பைபாஸா?" தேசிய நெடுஞ்சாலை 44 நன்றாக இருப்பதால் வந்த வினை இது. தர்மபுரிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன அன்று, உள்ளே போகும் என்று சொல்லி டிக்கெட் கிழித்த தனியார் பஸ் கண்டக்டர், ராத்திரி நேரத்தில் எங்களைப் பைபாஸில் இறக்கிவிட்டு விசில் அடித்துவிட்டார். அந்த இருட்டில் நின்ற ஒரே ஆட்டோ கேட்டதுதான் ரேட். மீட்டரா? அதை விடுங்கள். செயலியில் தேடினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, வண்டி வந்தபாடில்லை.

பகலில் அந்தக் கஷ்டமே இல்லை. கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓசூர், தர்மபுரி, திருப்பத்தூர் என்று எந்தப் பக்கமும் அதிக நேரம் காத்திருக்க வேண்டியதில்லை. அம்மாவுக்கு டவுன் பஸ் என்றால் தனி சந்தோஷம். 2021-லிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது, ஆனாலும் டிக்கெட் கொடுப்பார்கள், அம்மா அதைப் பத்திரமாகப் பர்ஸில் மடித்து வைத்துக்கொள்கிறார். முன்பெல்லாம் யாராவது பைக்கில் கூட்டிப்போனால்தான் காவேரிப்பட்டணம் சந்தை, இப்போது நினைத்தால் கிளம்பிவிடுகிறார், எங்களிடம் சொல்வதுகூட இல்லை. காரை விட இது பெரிய விஷயம் என்பேன்.

கிராமத்துப் பக்கம்தான் கொஞ்சம் விவரம் தெரிய வேண்டும். நிறுத்தத்தில் நேர அட்டவணை என்று ஒன்றும் எழுதியிருக்காது, அங்கே இருக்கும் டீக்கடை அண்ணனுக்கு எல்லாம் மனப்பாடம். "எட்டே கால் வண்டி போயிடுச்சுங்க, அடுத்தது பத்தரைக்கு, அதுவும் ஸ்கூல் லீவுன்னா வராது" என்று டீ ஆற்றிக்கொண்டே சொல்வார், அப்படியே நடக்கும். ராத்திரி வந்து ஊரிலேயே தங்கி விடியற்காலையில் கிளம்பும் ஹால்ட் பஸ் இருக்கும் ஊர் என்றால் கொடுத்து வைத்தவர்கள், பெங்களூரிலிருந்து கிளம்பும் அதிகாலை விமானத்தைத் தவிர வேறு எதையும் பிடித்துவிடலாம்.

ரயிலைப் பற்றிக் கேட்காதீர்கள். மாவட்டத் தலைநகர், 2004-லிருந்து, ஆனால் கிருஷ்ணகிரி டவுனுக்கு ஸ்டேஷன் இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் திருப்பத்தூரிலிருந்து அகலம் குறைந்த ஒரு ரயில் பாதை இருந்தது, இரண்டாம் உலகப்போர் சமயத்தில் அதையும் பிடுங்கிவிட்டார்கள். ரயில்தான் வேண்டும் என்றால் ஓசூருக்கோ தர்மபுரிக்கோ பஸ் ஏறித்தான் போக வேண்டும்.

ஒகேனக்கல்லுக்கும் பஸ் போதும். தர்மபுரியில் மாறி, பென்னாகரம் வழியாக, சுமார் 46 கிலோமீட்டர். அங்கே இறங்கும்போதே திரும்பும் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், மீன் வறுவலுக்குக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.