பாம் ஷெல்டரில் ஐந்து ஆண்டுகள்: எது நிலைத்தது, எது துருப்பிடித்தது

2021 பிப்ரவரி 15, மாலை 6.20. சீனப் புத்தாண்டு விடுமுறையில் தொடங்கிய வேலை முடியாமல், குண்டு விழுந்தால் ஒளிந்துகொள்ள வீட்டுக்குள்ளேயே கட்டிய அறையான பாம் ஷெல்டருக்குள் இருந்த அத்தனையும் ஹாலில் கிடந்தன. கிரைண்டர், ஐந்து பயணப் பெட்டிகள், கொலுப் படிகள், ஓடாத ஒரு மின்விசிறி, பிள்ளைகளின் தொடக்கப்பள்ளிப் புத்தகங்கள், எதற்கு வாங்கினோம் என்றே நினைவில்லாத மூன்று வாளிகள். அந்த நேரம் பார்த்து அபாயச் சங்கு ஒலித்தது. 1942ல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்த நாளை நினைவூட்ட ஆண்டுதோறும் ஒலிப்பதுதான். மாமியார் சோபாவில் கிடந்த துணி மூட்டையைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். "ஏம்மா, நிஜமாவே குண்டு விழுந்தா நாம எங்க போய் ஒளியறது? உள்ள சாமானுக்குத்தானே இடம் இருந்துச்சு!"

பதில் சொல்லத் தெரியவில்லை. அன்று தொடங்கி இன்றுவரை அந்த அறையோடு நடந்த மல்லுக்கட்டுதான் இது. எதை வாங்கினேன், எது உழைத்தது, எது காலை வாரியது என்று எழுதி வைக்கிறேன்.

எங்களுடையது சிங்கப்பூரின் செங்காங்கில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு. 1997ல் சட்டம் வந்த பிறகு கட்டிய வீடுகளில் கனத்த கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவும் வைத்த இந்த அறை இருக்கும். அமைதிக் காலத்தில் எல்லோருக்கும் அது ஸ்டோர் ரூம். எங்களுடையது 2 மீட்டர் நீளம், 1.4 மீட்டர் அகலம். வீட்டை ஒழுங்குபடுத்தும் வீடியோக்கள் பார்த்துத்தான் நான் ஆரம்பித்தேன். பெரும்பாலும் அமெரிக்கக் கராஜ்கள். இரண்டு கார் நிற்கும் இடம், கூரையிலிருந்து தொங்கும் தட்டுகள், சுவர் முழுக்க ஸ்குரூ அடித்த பலகைகள், எல்லாவற்றையும் இறுக மூடிய பெட்டிகள். கார் வாங்கும் உரிமைச் சான்றிதழுக்கே காரின் விலைக்கு நிகராகக் கொடுக்கும் ஊரில் நமக்கு ஏது கராஜ்? ஆனால் யோசனைகள் பொருந்தும் என்று நினைத்தேன். பாதிதான் பொருந்தின. பொருந்தாத பாதிக்குக் காரணம் இடம் சிறியது என்பதல்ல, காற்று.

முதலில் சுவர். பாம் ஷெல்டர் சுவரில் இஷ்டப்படி துளை போட முடியாது. குடிமைத் தற்காப்புப் படையின் விதிப்படி, பிளாஸ்டிக் அல்லது நைலான் பிளக் வைத்துத்தான் திருகலாம். அதுவும் 10 மில்லிமீட்டர் விட்டத்துக்கும் 50 மில்லிமீட்டர் ஆழத்துக்கும் மேல் போகக் கூடாது. சுவரை உடைக்கவோ கதவைக் கழற்றவோ கூடாது. விதியைப் படித்த கணவர், "எதுக்கு வம்பு, துளையே வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். ஒட்டும் கொக்கிகள் வாங்கினோம். பெயின்ட் அடித்த அந்தக் கான்கிரீட்டில் மூன்று மாதம்கூட நிற்கவில்லை. ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு விளக்குமாறும் துடைப்பானும் வரிசையாக விழுந்த சத்தத்தில் வீடே எழுந்து உட்கார்ந்தது. கதவு இரும்பு என்பதால் காந்தக் கொக்கிகள் ஒட்டிப் பார்த்தோம். அவை இன்றும் இருக்கின்றன. குடை, கையுறை, சுருக்குப் பை போன்ற இலேசான சாமான் மட்டும்தான் அவற்றில். ரப்பர் விளிம்பில் படாமல் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அலமாரி விஷயத்தில் மட்டும் முதல் முறையே சரியாக வாங்கினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். போல்ட் இல்லாமல் மாட்டும் இரும்பு ரேக், நான்கு தட்டு. ரப்பர் சுத்தியல் ஒன்றே போதும், ஒரு மணி நேரத்தில் நானும் மகனும் நிறுத்திவிட்டோம். தட்டின் உயரத்தை மாற்றிக்கொள்ளலாம் என்பது வாங்கும்போது பெரிதாகத் தெரியவில்லை. ஐந்து ஆண்டில் நான்கு முறை மாற்றிவிட்டேன். குறை ஒன்று உண்டு. அதோடு வந்த தட்டுகள் மரத்தூளை அழுத்திச் செய்தவை. இரண்டாம் ஆண்டிலேயே ஓரம் ஊதி, நடுவில் தொய்ந்துவிட்டன. அப்புறம் பிளைவுட் பலகை வெட்டி வாங்கிப் போட்டோம். இப்போது வாங்குவதாக இருந்தால் முதலிலேயே பிளைவுட் தட்டா என்று கேட்டுவிட்டுத்தான் பணம் கொடுப்பேன்.

பத்துக் கிலோவுக்கு மேல் இருக்கும் கிரைண்டர் கீழ்த்தட்டில். அரிசி மூட்டையும் அங்கேதான். மேல்தட்டில் வெற்றுப் பெட்டிகள். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

காற்றுக்கு வருகிறேன். சிங்கப்பூரில் விடியற்காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவது சர்வசாதாரணம். ஜன்னலே இல்லாத அறை அது. சுவரின் மேல்புறம் இரண்டு வட்டமான காற்றுத் துவாரங்கள் மட்டும். அதில் ஒன்றை ரேக்கும் பெட்டிகளும் சேர்ந்து முழுசாக மறைத்துக்கொண்டிருந்தன. பயணப் பெட்டிகளின் பின்புறம் பச்சையாகப் பூசணம் பூத்த பிறகுதான் கவனித்தேன். பதினைந்து சிங்கப்பூர் வெள்ளிக்கு ஓர் ஈரப்பதமானி வாங்கி உள்ளே வைத்தேன். கதவை மூடி வைத்தால் 82, 84. கதவை ஒரு சாண் திறந்து, உள்ளே இருக்கும் பிளக்கில் சின்ன மின்விசிறி ஒன்றைச் செருகி ஓட விட்டால் 70க்கு இறங்கியது. ரேக்கைச் சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி நிறுத்தினேன். அந்த ஒரு கை அகல இடத்தை வீண் என்று கணவர் இன்றும் சொல்கிறார். அதன் பிறகு பூசணம் வரவில்லை என்பதை நானும் இன்றும் சொல்கிறேன்.

ஈரம் உறிஞ்சும் டப்பாக்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பேரங்காடிகளில் மூன்று, ஆறு என்று அடுக்கி விற்பார்களே, அவைதான். உள்ளே வெள்ளை மணிகளாக இருப்பது கால்சியம் குளோரைடு. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தண்ணீராக அடியில் சேர்க்கும். நன்றாகவே வேலை செய்கிறது, மூன்று வாரத்தில் டப்பா நிறைந்துவிடும். ஆனால் அந்தத் தண்ணீர் தண்ணீரே அல்ல, பிசுபிசுப்பான உப்புக் கரைசல். 2022 நவராத்திரிக்குக் கொலுப் படியை வெளியே இழுத்தபோது ஒரு டப்பா கவிழ்ந்தது. துடைத்துவிட்டோம் என்றுதான் நினைத்தோம். அந்தக் கரைசல் காய்வதே இல்லை, ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். தீபாவளிக்குள் ரேக்கின் ஒரு கால் துருப்பிடித்துத் தரையில் செம்பழுப்பு வளையம் போட்டிருந்தது. இப்போது அந்த டப்பாக்களைப் பழைய பேசின் ஒன்றுக்குள் வைத்து, இரும்புக்குத் தொலைவில் மூலையில் வைக்கிறேன். கொட்டினால் உடனே நிறையத் தண்ணீர் விட்டு, இரண்டு மூன்று முறை துடைக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய பாடம் கணவரின் பூட்ஸில் கிடைத்தது. இங்கே ஆண்களுக்குக் கட்டாயமான தேசிய சேவையை முடித்தபோது போட்டிருந்த ஒரு ஜோடியை நினைவுக்காக வைத்திருந்தார். நான்தான் வீடியோ பார்த்த ஞானத்தில் அதைத் துடைத்து, பிளாஸ்டிக் பையில் சுற்றி, இறுக மூடும் பெட்டியில் போட்டு, மேலே டேப்பும் ஒட்டி வைத்தேன். 2023ல் மகன் சேவைக்குப் போகும் முன்பு அவனுக்குக் காட்ட ஆசையாகத் திறந்தார். கையில் எடுத்ததும் அடிப்பாகம் முறுக்கு மாதிரி நொறுங்கிக் கொட்டியது. பாலியூரித்தேன் அடிப்பாகம் உள்ள காலணிக்கு இது நேரும். பல ஆண்டு சும்மாவே கிடந்தால், ஈரம் அதன் மூலக்கூறுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிடுகிறது. அவ்வப்போது போட்டு நடந்திருந்தாலோ காற்றாட வைத்திருந்தாலோ கொஞ்சம் தாக்குப்பிடித்திருக்குமாம். உள்ளே இருந்த ஈரத்தோடு சேர்த்து அடைத்துவைத்தது என் வேலை. மகன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. அன்று மாலை வரை என்னோடு பேசவும் இல்லை.

அதற்குப் பிறகு பெட்டிகளைப் பற்றிய என் கொள்கை மாறியது. கண்ணாடி போல உள்ளே தெரியும் பெட்டிதான் வாங்குகிறேன். மூடியை அழுத்திப் பூட்டுவதில்லை, சும்மா மேலே வைக்கிறேன். துணிகளுக்கு வாங்கிய, காற்றை உறிஞ்சிச் சுருக்கும் பைகள் ஆறு மாதத்தில் மெல்லக் காற்றை வாங்கிப் பழையபடி உப்பிவிட்டன. போதாக்குறைக்கு, எடுத்த போர்வையில் மக்கிய வாடை. அது காசுக்குப் பிடித்த கேடு. செயற்கைத் தோல் கைப்பைகளை உள்ளே வைப்பதை அடியோடு விட்டுவிட்டேன். இரண்டு தோலுரிந்துவிட்டன.

கொலு பொம்மைகள் வேறு கதை. முன்பெல்லாம் குமிழ்த்தாளில் சுற்றி வைப்பேன். காகிதக்கூழ் பொம்மைகளின் பெயின்ட் அதில் ஒட்டிக்கொண்டு வந்தது. தசாவதாரத்தில் கூர்மத்துக்கு முதுகே போய்விட்டது. மாமியார் கிழிந்த பருத்தி வேட்டிகளைத் துண்டு போட்டுக் கொடுத்தார். "எங்க அம்மா காலத்துல இருந்து இப்படித்தான், நீ என்னவோ பபுள் கிபுள்னு..." என்று ஒரு வாரம் சொல்லிக் காட்டினார். ஆனால் பருத்தித் துணிதான் சரி. நான்கு நவராத்திரி ஆயிற்று, ஒரு பொம்மைக்கும் பழுதில்லை. பூச்சிக்கு அவர் முதலில் கேட்டது அந்துருண்டை. அது மட்டும் கூடவே கூடாது என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். நாத்தனாரின் குழந்தைக்கு ஜி6பிடி குறைபாடு, அதாவது சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி குறைவு. இங்கே பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் பிறந்ததும் அந்தப் பரிசோதனை செய்வார்கள் என்பதால் தெரிந்தது. அந்துருண்டையின் வாடை பட்டால்கூட அப்படிப்பட்ட குழந்தைகளின் சிவப்பணுக்கள் சிதையலாம். குழந்தை வாராவாரம் இங்கே வரும். அதனால் தேக்காச் சந்தையில் வேப்பிலை வாங்கிக் காயவைத்து வைக்கிறோம். பூச்சி ஓடுகிறதா என்று சத்தியம் செய்ய மாட்டேன். மாமியாருக்கு நிம்மதி.

பெட்டிக்குப் பெயர் ஒட்டுவதிலும் ஒரு சங்கதி. மகள் ஆங்கிலத்தில் அழகாக அச்சடித்து ஒட்டினாள். மாமியாருக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும். அப்புறம் தமிழில் எழுதினோம், மகன் தடுமாறினான். கடைசியில் உள்ளே இருப்பதைப் போட்டோ எடுத்து, அஞ்சலட்டை அளவில் அச்சடித்து ஒட்டினோம். இதைத்தான் பார்ப்பவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "மற்றவை" என்று ஒரு பெட்டி வைத்திருந்தேன். இரண்டே ஆண்டில் அது மூன்று பெட்டியானது. அந்தப் பெயரையே தடை செய்துவிட்டேன்.

மிதிவண்டி முதலில் வெளியே நடைபாதையில்தான் நின்றது. தீ நேர்ந்தால் ஓடும் வழி 1.2 மீட்டராவது இருக்க வேண்டும் என்று நோட்டீஸ் வந்ததும் உள்ளே வந்தது. தரைக்கும் கூரைக்கும் இடையே ஸ்பிரிங்கால் இறுகி நிற்கும் கம்பம் ஒன்று, அதில் வண்டியைத் தொங்கவிட்டோம். துளை இல்லை. மூன்று ஆண்டாக நிற்கிறது. மாதம் ஒருமுறை திருகி இறுக்குவது கணவர் வேலை, மறந்தால் வண்டி ஓர் அங்குலம் சரிந்திருக்கும்.

சேமிப்பு யோசனை என்று தேடுபவர்கள் கழிப்பதைப் பற்றிக் கேட்பதில்லை. நானும் அப்படித்தான். ஆனால் முதல் ஒரு வாரத்தில் நடந்ததில் பாதி அதுதான். பழைய நாளிதழும் துணியும், ஹார்ன் அடித்தபடி பழைய சாமான் வாங்க வரும் காராங் குனிக்காரருக்குப் போயின. ஹார்ன் சத்தம் கேட்டதும் பால்கனி இல்லாத வீட்டில் ஜன்னலில் தலையை நீட்டிக் கூப்பிட வேண்டும். பெரிய சாமான்களை நகர மன்றத்துக்குச் சொல்லி வைத்தால் கட்டணமில்லாமல் எடுத்துப் போனார்கள், மாதத்துக்கு மூன்று உருப்படி. சார்ஜர், வயர், செத்த கைப்பேசி எல்லாம் ஒரு பை நிறைய இருந்தன. 2021 ஜூலையில் மின்கழிவுக்கான புதிய ஏற்பாடு நாடு முழுக்க வந்ததும், கடைத்தொகுதியில் வைத்திருந்த தொட்டியில் போய்ச் சேர்ந்தன. அதில் எது எந்தச் சாதனத்தின் சார்ஜர் என்று கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆராய்ந்தார். ஒன்றுக்கும் பொருத்தம் கிடைக்கவில்லை. இரண்டைத் திருப்பி எடுத்து ஒளித்து வைத்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியும்.

இந்த ஆண்டும் பிப்ரவரி 15ல் சங்கு ஒலித்தது. மாமியார் சமையலறையிலிருந்து பிளாஸ்டிக் முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, பாம் ஷெல்டருக்குள் போட்டு உட்கார்ந்து பார்த்தார். கால் நீட்ட இடம் இருந்தது. மேலே கீழே பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் காலியாத்தானேம்மா இருக்கு. ஊர்ல இருந்து அந்தப் பெரிய பித்தளைப் பானையைக் கொண்டாந்துடலாம்" என்றார். டிசம்பரில் கொண்டுவருவதாக முடிவாகியிருக்கிறது. ரேக்கின் கீழ்த்தட்டை ஒரு படி உயர்த்த வேண்டும்.