ஐயத்தை எண்ணாக்கும் வழிகள்: எதை நம்பலாம்?

1970களில் ஸ்டான்ஃபோர்டில் உருவான மைசின், ரத்தக் கிருமித்தொற்றைக் கண்டறிந்து மருந்து பரிந்துரைத்த நிரல். அதன் விதிகளுக்கு −1 (நிச்சயமாக இல்லை) முதல் +1 (நிச்சயமாக உண்டு) வரை ‘உறுதிக் காரணி’ உண்டு. ஒரு சான்று 0.6, இன்னொன்று 0.4 என்றால், முதலாவது விட்டுவைத்த 0.4-இல் இரண்டாவது தன் பங்கை எடுத்துக்கொள்ளும், மொத்தம் 0.76. எளிய கணக்குதான். ஆனால் இரண்டு சான்றுகளும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவையாக இருந்தால்? ஒருவரிடம் கேட்ட செய்தியை இருவர் வந்து சொன்னதற்காக அது கூடுதல் உண்மையாகிவிடாது. இந்தச் சூத்திரத்துக்கு அந்த வேறுபாடு தெரியாது.

கணினி அறிவியலாளர் ஜூடியா பேர்ல் 1980களில் வளர்த்தெடுத்த பேய்சியன் வலையமைப்பு இங்கேதான் முந்துகிறது. எது எதைப் பாதிக்கிறது என்று முதலில் அம்புக்குறிகளால் வரைந்துகொள்கிறோம். நிகழ்தகவு அந்தத் தொடர்புகளின் வழியாகவே பரவுகிறது. பேர்ல் எடுத்துக்காட்டிய வீட்டையே பாருங்கள். திருட்டு எச்சரிக்கை மணி அடிக்கிறது; நெஞ்சு பதறுகிறது. சற்று நேரத்தில் வானொலியில் நிலநடுக்கச் செய்தி. திருடனைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனாலும் பதற்றம் தணிகிறது: மணி அடித்ததற்கு வேறொரு காரணம் கிடைத்துவிட்டது. ‘மணி அடித்தால் திருடன்’ என்று தனித்து நிற்கும் விதிக்கு இப்படிப் பின்வாங்கத் தெரியாது. இந்த ஒரு குணத்துக்காகவே நான் பேர்லின் பக்கம் நிற்கிறேன். விலையும் உண்டு: ஆம், இல்லை என்ற இரு நிலைகள் கொண்ட 10 காரணங்கள் ஒரு விளைவில் வந்து சேர்ந்தால், அதன் நிகழ்தகவு அட்டவணைக்கு 1,024 வரிசைகள் வேண்டும்.

லோட்ஃபி ஜாதே 1965-இல் தந்த ஃபஸ்ஸி கணங்களை, அதாவது ஒன்று ஓரளவுக்கு மட்டும் உறுப்பாக இருக்கக்கூடிய கணங்களை, இந்தப் போட்டியில் சேர்ப்பது தவறு. ‘உயரமானவர்’ என்ற சொல்லின் எல்லை மங்கலானது; அவை அளப்பது அந்த மங்கலை, ஐயத்தை அல்ல. அவர் வருவாரா என்பது வேறு கேள்வி.

சான்றுகளைக் கொண்டு நம்பிக்கையைப் பங்கிடும் டெம்ப்ஸ்டர்-ஷேஃபர் கோட்பாட்டின் மேல் எனக்கு உண்மையான மதிப்பு உண்டு. ஆயிரம் முறை சுண்டிப் பார்த்த நாணயத்துக்கும் கண்ணாலேயே காணாத நாணயத்துக்கும் 0.5 என்று ஒரே எண்ணைத் தராமல், ‘தெரியாது’ என்பதற்குத் தனி இடம் ஒதுக்குகிறது. ஆனால் இரு சான்றுகளை ஒன்றாக்கும் அதன் இணைப்பு விதியை ஜாதே ஒரு நோயாளியை வைத்துச் சோதித்தார். ஒரு மருத்துவர் மூளையுறை அழற்சிக்கு 0.99, மூளைக் கட்டிக்கு 0.01 தருகிறார். மற்றவர் மூளை அதிர்ச்சிக்கு 0.99, கட்டிக்கு 0.01. விதி முரண்பட்டவற்றை எல்லாம் நீக்குகிறது, இருவரும் ஒத்துப்போகும் கட்டிக்கு மிஞ்சும் 0.01 × 0.01 = 0.0001-ஐ முழுமையாக்குகிறது. இருவருமே நூற்றில் ஒன்று என்று ஒதுக்கிய கட்டி, 100 சதவீதம் உறுதியாகிவிடுகிறது. முரண்பாடு எவ்வளவு என்பதைத் தனியே பார்க்காமல் இந்த விடையை ஒரு மருத்துவரின் மேசையில் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.