நெட்வொர்க் கார்டுக்கு டிரைவர்: நாமே எழுதுவதா, இரவல் வாங்குவதா?

லினக்ஸ் அல்லாத ஒரு திறமூல இயங்குதளத்தில் நெட்வொர்க் கார்டு ஆதரவு சேர்க்க வேண்டும் என்றால் முக்கியமாக மூன்று வழிகள் உண்டு. டிரைவரை, அதாவது கார்டை இயக்கும் நிரலை, நாமே எழுதலாம். வேறு கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) டிரைவரை எடுத்து நம் கெர்னலுக்கு ஏற்றபடி திருத்தலாம். இல்லையென்றால் நடுவில் இரண்டுக்கும் மொழிபெயர்க்கும் ஓர் இணக்க அடுக்கைக் கட்டி, அந்த டிரைவரை ஏறக்குறைய அப்படியே ஓடவிடலாம். எது சரி என்பது பெரும்பாலும் கார்டு ஈதர்நெட்டா, வைஃபையா என்பதிலேயே முடிவாகிவிடுகிறது.

ஈதர்நெட் என்றால் நாமே எழுதுவதுதான் நல்லது. இன்டெலின் இ1000 ஈதர்நெட் சிப் குடும்பத்தையே பாருங்கள். டேட்டாஷீட் பொதுவில் கிடைக்கிறது. க்யூஇமு என்ற கணினி எமுலேட்டர் அந்தச் சிப்பைப் போலவே நடந்துகொள்ளும் என்பதால் கையில் கார்டு இல்லாமலே வேலையைத் தொடங்கலாம். அனுப்பும் பக்கத்தில் இருப்பது 16 பைட் டிஸ்கிரிப்டர்களால் (பாக்கெட் எங்கே இருக்கிறது என்று சொல்லும் சிறு பதிவுகள்) ஆன ஒரு வளையம். ஒன்றில் பாக்கெட்டின் முகவரியையும் நீளத்தையும் நிரப்பி, வளையத்தின் முடிவைக் காட்டும் வால் ரெஜிஸ்டரை ஓர் இடம் நகர்த்தினால் போதும். கார்டு டிஎம்ஏ வழியாக, அதாவது சிபியுவை நாடாமல் நினைவகத்திலிருந்து, தானே எடுத்துக்கொள்ளும். கேட்டுவைத்திருந்தால், முடிந்ததும் அதே டிஸ்கிரிப்டரில் ஒரு பிட்டை ஏற்றிச் சொல்லும். இவ்வளவு தெளிவான ஒன்றுக்கு இணக்க அடுக்கு கட்டுவது வீண் சுமை.

வைஃபை அப்படியல்ல. அங்கே சிப்போடு பேசுவது பாதி வேலைகூட இல்லை. ஸ்கேன், இணைப்பு, குறியாக்கச் சாவிகள், வேகத் தேர்வு, மின்சேமிப்பு என்று பல பொறுப்புகளைப் பெரும்பாலான கார்டுகள் கெர்னலோடு பகிர்ந்துகொள்கின்றன. லினக்ஸில் இதைத் தாங்குவது மேக்80211 என்ற கெர்னல் பகுதி. ஆக, லினக்ஸ் டிரைவரை இரவல் வாங்கினால் அது எதிர்பார்க்கும் மேக்80211-ஐயும் நம் பக்கம் உருவாக்கித் தர வேண்டும்.

யூனிக்ஸ் வழிவந்த ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம் இந்த வழியில்தான் போனது. லினக்ஸ்கேபிஐ என்ற அடுக்கின் மேல் இன்டெலின் ஐடபிள்யூஎல்வைஃபை டிரைவர் 2022-இல், 13.1 வெளியீட்டில் வந்தது. புதிய கார்டுகள் இணைந்தன, ஆனால் 802.11 ஏ, பி, ஜி என்ற பழைய வைஃபை தரங்களின் காலத்து வேகத்தில். அடுத்து வந்த என், ஏசி தரங்களின் வேகங்கள் வெளியீட்டில் வந்து சேர 2025-இன் 14.3 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. டிரைவர் கையில் தயாராக இருந்தும் இத்தனை காலம் ஆனதென்றால், உழைப்பெல்லாம் அடுக்கிலும் அதன் கீழுள்ள வைஃபை ஸ்டாக்கிலும்தான் (வைஃபை வேலைகளைக் கவனிக்கும் கெர்னல் பகுதி) கரைகிறது என்று அர்த்தம். அத்தோடு லினக்ஸ் தன் உள் ஏபிஐ (டிரைவர்கள் கெர்னலை அழைக்கும் முறை) நிலையாக இருக்கும் என்று உறுதி தருவதே இல்லை. டிரைவரைப் புதுப்பிக்கும்போதெல்லாம் அடுக்கும் பின்னாலேயே ஓட வேண்டும்.

இன்னொரு பிஎஸ்டி இயங்குதளமான ஓப்பன்பிஎஸ்டி தன் வைஃபை ஸ்டாக்குக்கு ஏற்ற டிரைவர்களையே வைத்துக்கொள்கிறது. இன்டெல் கார்டுகளுக்கான ஐடபிள்யூஎம், ஐடபிள்யூஎக்ஸ் இரண்டும் அப்படிப்பட்டவை. வசதிகள் தாமதமாக வரும், உண்மைதான். ஆனாலும் அந்த டிரைவர் கோப்பைத் திறந்து ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒருவர் படித்துப் புரிந்துகொள்ள முடியும். பக் வரும்போது இதன் அருமை தெரியும்.

ஹைக்கூ என்ற திறமூல இயங்குதளம் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பல ஆண்டுகளாக ஃப்ரீபிஎஸ்டி டிரைவர்களை ஓர் இணக்க அடுக்கு வழியாக ஓட்டியவர்கள், 2022 டிசம்பரில் வந்த பீட்டா 4-இல் ஓப்பன்பிஎஸ்டிக்கும் ஓர் அடுக்கு சேர்த்து, மேலே சொன்ன இரண்டு இன்டெல் டிரைவர்களையும் கொண்டுவந்தார்கள். பிஎஸ்டி கெர்னல்களின் ஏபிஐ மெதுவாகவே மாறும்; அதனால் அடுக்கு சிறியதாக இருக்கும், அடிக்கடி உடையாது. உரிமச் சிக்கலும் குறைவு. மாற்றிய நிரலையும் அதே உரிமத்தில் தரச் சொல்லும் ஜிபிஎல் மட்டுமே உள்ள லினக்ஸ் டிரைவரை பிஎஸ்டி உரிமக் கெர்னலுக்குள் கொண்டுவருவது எளிதல்ல. ஐடபிள்யூஎல்வைஃபை ஜிபிஎல், பிஎஸ்டி என இரட்டை உரிமத்தில் இருந்ததால் ஃப்ரீபிஎஸ்டிக்கு அந்தத் தலைவலி இல்லை. ஆட்பலம் குறைந்த குழுவுக்கு, வைஃபை விஷயத்தில் நான் சொல்வது ஹைக்கூ வழியைத்தான்.

ஃப்ரீபிஎஸ்டிக்கான வைஃபைபாக்ஸ் போல, லினக்ஸை ஒரு மெய்நிகர் இயந்திரத்தில் ஏற்றி அதனிடம் கார்டைக் கொடுத்துவிடுவதும் உண்டு. இன்றைக்கே இணையம் வேண்டும் என்பவருக்கு அது கைகொடுக்கும்; ஆனால் இயங்குதளத்துக்கு டிரைவர் கிடைத்ததாகாது. விண்டோஸ் டிரைவரை ஏற்றும் என்டிஐஎஸ்ராப்பர் வகையை நான் பரிந்துரைக்க மாட்டேன். மூலநிரல் இல்லாத ஒன்று கெர்னலுக்குள் சரிந்தால் திருத்த வழியே இல்லை.

எந்த வழியில் இறங்குவதற்கும் முன்னால் கார்டின் பிசிஐ ஐடியை (சிப்பை அடையாளம் காட்டும் எண்) பார்த்துவிடுங்கள். அதே சிப் வேறு பெயரில் ஏற்கெனவே ஆதரிக்கப்பட்டிருந்தால், டிரைவரின் ஐடி பட்டியலில் ஒரு வரி சேர்த்தாலே வேலை முடிந்துவிடலாம். வரி சேர்த்தபின் கார்டு தெரிகிறது, ஆனால் லிங்க் மட்டும் வரவில்லை என்றால் முதலில் கேபிள் சிக்னலைக் கையாளும் பிஎச்ஒய் சிப் மாறியிருக்கிறதா என்று தேடுங்கள்.